கம்பி பிடிக்காத கண்டக்டர்

வேண்டாம் தம்பி, நீங்கள் உட்காருங்கள். துறையூர் வரைக்கும் நான் நின்றுகொண்டே வருவேன். வயதைப் பார்த்து எழுந்தீர்கள், நல்ல பிள்ளை. ஆனால் நான் யார் என்று தெரிந்திருந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். என் பெயர் தாயுமானவன். இதே திருச்சி துறையூர் ரூட்டில் முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவன். ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கையில் சில்லறை, வாயில் விசில். கம்பியைப் பிடிக்க வேண்டுமென்றால் மூன்றாவது கை வேண்டும். அது எனக்கு இல்லை.

இதுவா? இதை நான் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கம்பி கழன்று ஆடுகிறது, பாருங்கள். யார் மேலாவது விழுந்துவிடப் போகிறதே என்று அணைத்து வைத்திருக்கிறேன்.

நான் சீனக்காரர்களிடம் நிற்கக் கற்றுக்கொண்டவன். சிரிக்காதீர்கள். குங்ஃபூ என்றால் நீங்கள் காலை வீசி உதைப்பது என்று நினைத்திருப்பீர்கள். உதைப்பது கடைசிப் பாடம். முதல் பாடம் நிற்பது. அந்த முதல் பாடத்தில் என்னை மிஞ்ச அந்த வகுப்பில் ஆள் கிடையாது. ஒருத்தியைத் தவிர. அவள் வகுப்பில் சேரவே வரவில்லை, அதனால் கணக்கில் வர மாட்டாள்.

இருபத்தைந்து வருடம் இருக்கும். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அந்த வருடம் ஆடி மாதம் எங்களுக்குப் புது வண்டி கொடுத்தார்கள். பழைய வண்டியில் மூன்றாவது சீட்டை ஒட்டி ஒரு கம்பி இருந்தது. டிக்கெட் கிழிக்கும்போது இடுப்பை அதில் லேசாகக் கொடுத்து நிற்பேன். சும்மா ஒரு பழக்கம், வேறொன்றும் இல்லை. புது வண்டியில் அந்த இடத்தில் கம்பி இல்லை. அதற்கும் நான் விழுந்ததற்கும் சம்பந்தம் இல்லை. விழுந்ததற்குக் காரணம் ஆடு.

புலிவலம் தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்தது. டிரைவர் லூர்துசாமி பிரேக் போட்டார். நான் நான்காவது சீட்டில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மடியில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுதான் உண்மை. விழுந்தேன் என்று அவர் எழுதினார். மார்ஜின் போட்டு, பத்தி பிரித்து, மூன்று பக்கம் டிப்போவுக்குப் புகார் எழுதினார். அவருடைய குடைப்பிடி பட்டு என் கடைவாய்ப் பல் பாதி உடைந்தது. அதற்கு நான் யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை.

மேனேஜர் சடகோபன் என்னைக் கூப்பிட்டார்.

“தாயுமானவன், ரெண்டு மாசத்துல இது மூணாவது தடவை. வயசும் ஆச்சு. டைம் ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு. ஆயுத பூஜை முடிஞ்சதும் அங்க போயிடுங்க. லைட் டூட்டி.”

மூன்றாவது தடவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் இரண்டையும் சேர்க்கக் கூடாது. ஒன்று மேடு, ஒன்று பள்ளம்.

டைம் ஆபீஸ் என்றால் என்ன தெரியுமா? வண்டி வருகிறதையும் போகிறதையும் ஜன்னல் வழியாகப் பார்த்து நேரம் குறிக்கிற வேலை. கண்டக்டர் என்பவன் பஸ்ஸை உள்ளேயிருந்து பார்க்கிறவன் தம்பி. பஸ்ஸின் முதுகை நான் பார்த்ததே கிடையாது. மண்ணச்சநல்லூரில் அரிசி மில் பெண்கள் “தாயுமானவன் வண்டியா?” என்று கேட்டுத்தான் ஏறுவார்கள். டிரைவர் பேரை யாரும் சொன்னதில்லை. அதில் லூர்துசாமிக்கு உள்ளூர வருத்தம் உண்டு. அந்த ரூட்டை என்னிடமிருந்து பிடுங்கிக் குலோத்துங்கனுக்குக் கொடுப்பதாக இருந்தார்கள். குலோத்துங்கன் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன். கேன்டீனில் எல்லார் எதிரிலும் சொன்னான்:

“அண்ணே, அந்த டைம் ஆபீஸ் நாற்காலிக்கு ரெண்டு பக்கமும் கை இருக்கு. பயப்படாதீங்க, விழ மாட்டீங்க.”

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். டீ கிளாஸை வைத்துவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். ஆயுத பூஜையன்று டிப்போவில் என்ன செய்வோம் என்றால், வண்டிகளைக் கழுவி, மாவிலையும் வாழைக்கன்றும் கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எங்கள் குடும்பங்களையெல்லாம் ஏற்றி டிப்போவுக்குள்ளேயே ஒரு சுற்று வருவோம். “அந்தச் சுற்று முழுக்க நான் எதையும் தொடாமல் நடுவில் நிற்கிறேன் சார். நின்றால் எனக்குத் துறையூர். விழுந்தால் நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன்” என்றேன். சடகோபனுக்கும் வருடம் முழுக்க டீசல் பேச்சு பேசி அலுத்துப் போயிருக்கும் போல. “சரி, பாத்துடுவோம்யா” என்று சிரித்தார்.

வெளியே வந்த பிறகுதான் ஆயுத பூஜைக்கு நாற்பத்தைந்து நாள்தான் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

மறுநாள் பல்லைக் காட்டப் போனேன். பாலக்கரையில் அப்போது ஒரு சீனப் பல் டாக்டர் இருந்தார். டாக்டர் லியூ. மூன்று தலைமுறையாகத் திருச்சிக்காரர்கள். காவிரியில் எத்தனை அடி தண்ணீர் போகிறது என்று நம்மைவிட நன்றாகச் சொல்வார். என்னை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறம் தெரிந்தது. அங்கே ஒன்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் நாற்காலி இல்லை. அப்படியே அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அசைவே இல்லை. ஒரு இளம்பெண் ஒவ்வொருவர் தோளையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒருவரும் விழவில்லை. கேட்கலாம் என்றால் வாயில் இரும்பு.

“என் பொண்ணு. குங்ஃபூ சொல்லித் தர்றா” என்றார் டாக்டர். “வாயை மூடாதீங்க.”

அன்றைக்கே சேர்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். ரோசலின் லியூ. நாங்கள் மிஸ் என்போம், அவள் என்னை அண்ணே என்பாள். காலை ஐந்தரைக்கு வகுப்பு. போனதும் ஒரு கையை மூடி மறு உள்ளங்கையில் வைத்துக் குனிந்து வணக்கம். பிறகு குதிரை நிலை. இரண்டு காலையும் நன்றாக அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, இல்லாத ஸ்டூலில் உட்கார வேண்டும். குதிரை மேல் இருக்கிற மாதிரி. இரண்டு தொடையிலும் தண்ணீர் நிரம்பிய டம்ளரை வைப்பாள். கிளினிக்கில் வாய் கொப்புளிக்கக் கொடுக்கிற எவர்சில்வர் டம்ளர்கள். யார் டம்ளர் சிந்துகிறதோ அவர் எல்லார் டம்ளரையும் கழுவி வைக்க வேண்டும். அந்த ஒன்றரை மாதமும் டம்ளர்களை நான்தான் கழுவினேன். எனக்குக் கழுவுவது பிடிக்கும்.

கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். இருபத்தாறு வருடம் ஓடுகிற வண்டியில் நின்றவனுக்கு ஓடாத தரையில் நிற்க என்ன கஷ்டம்? அங்கேதான் தம்பி சூட்சுமம். ஓடுகிற தரையில் நிற்கிறவனுக்குத் தரை ஓட வேண்டும். அது ஓடவில்லை. மிஸ் கை தட்டினால் வண்டி கிளம்பப் போகிறது என்று என் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும். முதல் நாள் என்னையறியாமல் “போலாம் ரைட்” என்று சொல்லிவிட்டேன். மற்ற ஒன்பது பேரின் டம்ளரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிந்தியது.

“அண்ணே, பூமி ஓடலை. நீங்கதான் ஓடுறீங்க” என்றாள் மிஸ்.

அதனால் நான் வரிசையில் ஓரமாக, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இடம் பிடித்துக்கொண்டேன். நிழல் இருந்தது.

“அண்ணே, தொட்டியை விட்டுத் தள்ளி நில்லுங்க.”

“நான் தள்ளித்தான் மிஸ் நிக்கறேன்.”

“அப்ப சட்டை ஏன் ஈரமா இருக்கு?”

அவள் கவனமெல்லாம் இந்த மாதிரி விஷயங்களில்தான். மறுநாள் தொட்டிக்கும் எனக்கும் நடுவில் ஒரு தபால் ஆபீஸ்காரரை நிறுத்தினாள். மெலிந்த மனிதர். இரண்டு நாளில் “சார், என் மேல சாயாதீங்க சார்” என்று அழாத குறையாகக் கேட்டார். மனிதர்களுக்கு ஒரு அனுசரணை வேண்டாமா?

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் குங்ஃபூவுக்குப் போகிறேன் என்றால் என் மனைவி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். பவளக்கொடி என்று பெயர். வாய் என்றால் வாய். பல்லுக்குக் காட்டப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். இருபது நாள் பொறுத்தாள்.

“உடைஞ்சது ஒரு பல்லு. அதுவும் பாதி. இருபது நாளா அப்படி என்ன வைத்தியம்?”

“சீன வைத்தியம் மெதுவாத்தான் வேலை செய்யும்.”

“வரும்போது நொண்டிக்கிட்டு வர்றீங்களே, பல்லு முழங்கால்லயா இருக்கு?”

டாக்டருக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை நான் குதிரை நிலையில் இருக்கிறேன், கால் இரண்டும் மிக்ஸி மாதிரி ஓடுகிறது. கொல்லை வாசல்கதவைத் திறந்துகொண்டு பவளம் வந்து நிற்கிறாள். கையில் கூடை. பத்துப் பேரும் கக்கூஸ் கட்டாத ஊர்க்காரர்கள் மாதிரி இருக்கிற கோலத்தைப் பார்த்தாள். முதலில் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு பொத்தியும் பலன் இல்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்கா காலங்காத்தால குளிச்சிட்டு வர்றீங்க?”

மிஸ்ஸுக்குக் கோபம் வரும், வெளியே அனுப்புவாள் என்று பார்த்தேன். அவள் என்னவென்றால், “அக்கா, நீங்களும் வாங்க. சும்மா நின்னு பாருங்க” என்கிறாள்.

பவளம் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். முன்வரிசையில். நான் இருபது நாளாகக் கேட்டும் கிடைக்காத முன்வரிசை. டம்ளர் வைத்தார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. அவள் பாட்டுக்கு எங்கள் பக்கத்து வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையைத் தபால் ஆபீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கதை முடிகிற வரைக்கும் டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. மிஸ் வந்து தோளைத் தள்ளினாள். முன்னால் தள்ளினாள், பின்னால் தள்ளினாள், கடைசியில் தோளால் முட்டியே பார்த்தாள். சுவர் மாதிரி இருந்தாள்.

“அக்கா, எங்க கத்துக்கிட்டீங்க?”

“இதுக்குப் படிப்பு வேற இருக்கா? ரேஷன் கடையில மண்ணெண்ணெய் ஊத்துற அன்னிக்கு வந்து பாரும்மா. பின்னாடி இருக்கறவ எல்லாம் இடிப்பா. கால் நகர்ந்தா இடம் போச்சு. கேன் ரெண்டு கையிலயும் இருக்கும். எதைப் பிடிக்கறது?”

அன்றிலிருந்து அவளும் வந்தாள். என்னைப் பார்க்க வந்தவள், என்னுடைய வகுப்பில் எனக்கு முன்னால் நின்றாள். இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள். வீட்டிலும் பயிற்சி நடக்கும். சமையல்கட்டு வாசலில் நான் நிற்பேன், அவள் தோசை ஊற்றிக்கொண்டே பார்ப்பாள். முழங்கால் நிமிர்ந்தால் தோசைக் கரண்டியால் ஒரு தட்டு. நிலைப்படியில் முதுகு பட்டால் இரண்டு தட்டு.

“ஏங்க, எதையாவது ஒண்ணைத் தொடாம உங்களால நிக்கவே முடியாதா?”

“நான் எதைத் தொட்டேன்?”

“கல்யாணத்தன்னிக்கு மேடையில தூணைப் பிடிச்சிக்கிட்டு நின்னீங்க. போட்டோ இருக்கு.”

அந்தத் தூணில் சீரியல் லைட் ஒயர் தொங்கியது. யாருக்கும் ஷாக் அடிக்கக் கூடாதே என்று நின்றேன். சொன்னால் நம்ப மாட்டாள்.

ஆனால் ஒன்று. ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவள் கிண்டல் செய்யவில்லை. என் யூனிபார்மைத் தானே இஸ்திரி போட்டாள். “அந்த நாற்காலில உக்காந்தா என்னங்க? கால் வலி குறையுமே” என்று கேட்டாள். நான் செருப்புக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “சரி விடுங்க” என்று விசிலைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டாள்.

மறுநாள் டிப்போ நிறையக் கூட்டம். பொரி, கடலை, சுண்டல், மைக் செட். என் விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பூஜை முடிந்ததும் நான் வண்டிக்குள் ஏறி நடுவில் நின்றேன். மூன்றாவது சீட்டுக்கும் நாலாவது சீட்டுக்கும் நடுவில். சுற்றிலும் ஒரு முழத்துக்கு ஒன்றும் இல்லை. மேனேஜர் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டார். குலோத்துங்கன் சுண்டல் பொட்டலத்தோடு ஜன்னல் ஓரம்.

“அண்ணே, விழுறதுன்னா அந்தப் பக்கமா விழுங்க. சுண்டல் சிந்திடும்.”

பொய் சொல்ல மாட்டேன். வாழைக்கன்று ஆடுகிறதைப் பார்த்தாலே தலை சுற்றியது. அப்போதுதான் குடும்பங்கள் ஏறின. திமுதிமுவென்று ஏறி வழியெல்லாம் அடைத்துக்கொண்டார்கள். பவளமும் ஏறினாள், தலை நிறையக் கதம்பம். முன்பக்கம் லூர்துசாமியின் மனைவி அவளுக்காக சீட் போட்டு வைத்திருந்தாள். “வா பவளம், இங்க உக்காரு” என்று கூப்பிட்டாள். இவள் காதிலேயே வாங்கவில்லை. எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய் என் முதுகுக்குப் பின்னாலேயே பின்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். என்ன பிடிவாதம் பாருங்கள். டிப்போவே பார்க்கிறது, புடவையைத் தூக்கிச் செருகிக் காலை வேறு அகட்டி நின்றாள். எனக்கு மானம் போயிற்று.

நான் விசில் கொடுத்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி கிளம்பியது.

முதலில் டீசல் பங்க் பக்கத்து மேடு. ஏறி இறங்கியது. நின்றேன். பிறகு வேப்ப மரத்து வளைவு. லூர்துசாமி அன்றைக்கு என்ன நினைத்தாரோ, துறையூர் ரோட்டிலே கூட அப்படித் திருப்பியதில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் சாய்ந்தார்கள். நின்றேன். கடைசியில் ஒர்க்‌ஷாப் எதிரில் ஒரு நாய் படுத்திருந்தது. போட்டார் பாருங்கள் பிரேக். குலோத்துங்கன் சுண்டலோடு முன் சீட்டில் போய் மோதினான். மேனேஜரின் கண்ணாடி கீழே விழுந்தது. வழியில் நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். நான் நின்றேன்.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்று புரிந்தது தம்பி. மிஸ் லியூ சொல்வாள், சரியாக நின்றால் தொப்புளுக்குக் கீழே ஒரு பலம் உண்டாகி அது முதுகெலும்பு வழியாக மேலே ஏறும் என்று. நாற்பத்தைந்து நாளும் எனக்கு அது வரவில்லை. அன்றைக்கு வந்தது. பிரேக் போட்டபோது என் முதுகில் ஒரு தூண் நட்ட மாதிரி இருந்தது. முன்னால் போக வேண்டிய நான், ஏதோ ஒன்று பின்னாலிருந்து கவ்விப் பிடித்த மாதிரி நின்றேன். இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்த மாதிரி என்று கூடச் சொல்லலாம். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. கதம்ப வாசனை வந்தது. கதம்ப வாசனை வரும் என்று மிஸ் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி வரும் போலிருக்கிறது.

மேனேஜர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“சார், அண்ணி…” என்று குலோத்துங்கன் ஏதோ ஆரம்பித்தான்.

“நீ சுண்டலைப் பொறுக்குய்யா” என்றார் மேனேஜர். “துறையூர் தாயுமானவனுக்குத்தான். ரிட்டையர் ஆகற வரைக்கும்.”

நான் ஒரு கையை மூடி மறு உள்ளங்கையில் வைத்து அவருக்குச் சீன வணக்கம் போட்டேன். அவர் பதில் வணக்கம் போட்டார். ஆனால் என் பக்கம் பார்த்துப் போடவில்லை, என் தோளுக்கு மேலே பார்த்துப் போட்டார். கண்ணாடி சரியாகப் பொருந்தவில்லை பாவம்.

குலோத்துங்கன் பிறகு டிப்போ முழுக்க என்னென்னவோ சொல்லிக்கொண்டு திரிந்தான். பந்தயம் என்ன? நான் எதையும் தொடக் கூடாது. நான் தொட்டேனா? தொடவில்லை. கூட்டத்தில் என்னை ஏதாவது தொட்டிருந்தால் அதற்கு நான் பொறுப்பா? அன்று சாயங்காலம் பவளத்துக்கு முதுகு வலி. நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன்.

“கூட்டத்துல யாராவது மேல சாஞ்சிருப்பாங்க” என்றேன்.

“ஆமாங்க. எவனோ ஒரு தடியன்” என்றாள்.

மிஸ் லியூ விஷயத்தைக் கேட்டு அப்படிச் சிரித்தாள். வகுப்பில் ஜெயித்தவருக்கு என்று ஒரு டம்ளரில் பெயர் வெட்டிக் கொடுப்பாள். பவளக்கொடி என்று வெட்டிக் கொடுத்தாள். நான் ஜெயித்ததற்கு அவள் பேரில் டம்ளர். சீனக்காரர்களின் வழக்கம் என்னவோ, நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருடம் இந்த ரூட்டில் ஓடினேன். ஒரு தடவை கூட விழவில்லை. பவளத்துக்கு மண்ணச்சநல்லூரில் தங்கை இருந்தாள். தங்கையைப் பார்க்க வாரத்தில் நாலு நாள் என் வண்டியில் வருவாள். தங்கை மேல் அப்படி ஒரு பாசம். சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். எனக்குப் பின்னாலேயே நிற்பாள். “போய் உட்காரேன்” என்றால், “கால் மரத்துப் போகும்” என்பாள். அவள் வராத நாட்களில் நான் முன் படிக்கட்டுப் பக்கம் நின்று வேலை பார்ப்பேன். அங்கே காற்று நன்றாக வரும். ஓரமாக ஒரு கம்பியும் உண்டு.

போன புரட்டாசிக்கு முந்தின புரட்டாசியில் அவள் போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். டம்ளர் இருக்கிறது. அதில்தான் காப்பி குடிக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? இப்போது ஏன் கம்பியைப் பிடித்திருக்கிறேன் என்றா? முதலிலேயே சொன்னேனே தம்பி, கம்பிதான் ஆடுகிறது. இரண்டு வருடமாக எந்த வண்டியில் ஏறினாலும் இப்படித்தான் இருக்கிறது. தரை நிற்பதே இல்லை. அந்தக் காலத்து வண்டிகளில் நடு வழியில் நின்றால் அப்படியே…

அம்மாடி. மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி, உங்கள் மடியில்… அடி ஒன்றும் படவில்லையே? அது ஆடாகத்தான் இருக்கும். எட்டிப் பாருங்கள். ஆடு இல்லையா? சும்மாதான் போட்டாரா? இந்தக் காலத்து டிரைவர்கள்.

சரி, இவ்வளவு தூரம் வற்புறுத்துகிறீர்கள். உங்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்பதற்காக உட்காருகிறேன். புலிவலம் வரைக்கும்தான். நீங்கள் காலை நன்றாக அகட்டி நில்லுங்கள், முழங்கால் லேசாக மடங்கட்டும். அப்படித்தான். கம்பியை விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துகிறீர்களா? முதுகுப் பக்கம் சில்லென்று காற்று வருகிறது.

சாத்தித்தான் இருக்கிறதா?

அப்படியானால் பஸ்ஸுக்குப் பாடி கட்டியவனைத்தான் சொல்ல வேண்டும்.